கவிழ்த்து வைத்த சைக்கிளும் பரடேயின் காந்தமும்

உயர்தர வகுப்பில் நாங்கள் மின்காந்தத் தூண்டலை, அதாவது மாறும் காந்தப்புலத்தால் கம்பிச்சுருளில் மின் பிறப்பதை, படித்தது 1992ஆம் ஆண்டில். யாழ்ப்பாணத்தில் போரினால் மின்சாரம் நின்று அப்போது இரண்டு ஆண்டுகளாகியிருந்தன. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாக இருந்தது. ஆதலால், 1831 ஓகஸ்ட் 29ஆம் திகதி இலண்டனில் மைக்கல் பரடே செய்த இரும்பு வளையப் பரிசோதனையை எங்கள் பௌதிகவியல் ஆசிரியரால் கரும்பலகையில் வரைந்து காட்டத்தான் முடிந்தது. வளையத்தின் ஒரு பக்கச் சுருளைப் பற்றரியுடன் இணைக்கும் கணத்திலும் துண்டிக்கும் கணத்திலும் மட்டும் மறுபக்கச் சுருளில் மின் பாய்வதைக் காட்டும் காந்த ஊசி அசைந்தது. இடையில் மின்னோட்டம் சீராக ஓடியபோது அது அசையவேயில்லை. ஒக்டோபரில் பரடே சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும் வெளியே எடுத்தும் பார்த்து, மாற்றம் உள்ளவரைதான் மின் பிறக்கும் என்பதை உறுதிசெய்தார். கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர் அவர் என்பதை ஆசிரியர் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பின்னர் மாணவர் ஒருவரின் சைக்கிளை வகுப்புக்குள் கொண்டுவரச் செய்து, சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் படக் கவிழ்த்து வைத்தார். சிறு போத்தல் போன்ற டைனமோவின் தலை பின்சில்லின் ரயரோடு உரசிச் சுழல, உள்ளே சுருளின் நடுவில் காந்தம் சுழன்றது. விளக்கின் வயரைக் கழற்றிவிட்டு என்னைப் பெடலைச் சுற்றச் சொன்னார். வயரை மீண்டும் பூட்டியதும் விளக்கு எரிந்தது. பெடல் கையில் சற்றே கனத்தது. அந்தக் கனத்தை எதிர்த்து உழைப்பதுதான் ஒளியாகிறது என்றும், லக்சபான நீர்மின் நிலையத்தில் அதே சுமையை விழுகின்ற நீர் தாங்குகிறது என்றும் அவர் சொன்னபோது, எங்கள் ஊரில் நின்றுபோன மின்சாரம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு முதன்முதலாக விளங்கியது.

தொழிலை மாற்றிய கண்டுபிடிப்பு எதுவென்று கேட்டால் பலரும் நீராவி இயந்திரத்தைச் சொல்வர். நான் மின்காந்தத் தூண்டலையே சொல்வேன். 1832இல் பாரிசில் பிக்சி என்பவர் செய்த, கையால் சுற்றி மின் பிறப்பிக்கும் பொறியிலிருந்து 1882இல் நியூயோர்க்கின் பேர்ள் வீதியில் எடிசன் திறந்த மின்நிலையம் வரை ஐம்பது ஆண்டுகள்தான். அதன் பின்னர், ஓரிடத்தில் பிறந்த வலுவைக் கம்பிவழியே வேறிடத்துக்கு அனுப்ப முடிந்ததால், ஆலைகள் நீராவி இயந்திரத்தை அருகிலேயே வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லாது போயிற்று.

எங்கள் வீட்டில் அந்த டைனமோ, மின்னோட்டத்தை ஒரே திசையில் சீராக ஓடச்செய்யும் நான்கு இருவாயிகளும் (டயோட்) ஒரு கொள்ளளவியும் (கப்பாசிற்றர்) சேர்த்து, வானொலியைப் பேசவைத்தது. இரவில் பிபிசி தமிழோசைக்கு அயலவர்கள் திண்ணையில் கூடுவர். அண்ணா பெடலைச் சுற்றுவார். கை தளர்ந்தால் குரலும் தளரும். "தம்பி, விடாமல் சுத்து" என்று பெரியம்மா பதறுவார். ஓரிரவு, குண்டு விழுந்த ஊரின் பெயரைச் சொல்லும் நேரத்தில் அண்ணா கை மாற்றியதால் அந்தப் பெயர் மட்டும் கேட்காமற் போயிற்று. திண்ணையில் எவரும் அன்று சரியாக உறங்கவில்லை. மறுநாட் காலை ஆசிரியரிடம் கேட்டேன். அவர் வீட்டில் பெடல் சுற்றும் கை மாறியது செய்தியின் வேறோர் இடத்தில் என்பதால், அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது.