குளத்தங்கரைக் கேமராவும் ஒரு தகவல் உரிமை மனுவும்

குப்பை கொட்டுவோரைப் பிடிப்பதற்காகப் பேரூராட்சி வைத்த கேமராவின் பதிவு ஒன்று, எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு யாருடைய கைப்பேசியிலிருந்தோ வந்து சேர்ந்தது. விடியற்காலையில் ஸ்கூட்டரில் வந்த ஒருவர் கோழிக்கழிவு மூட்டையைக் குளத்தங்கரையில் வீசிவிட்டுப் போகிறார். அவர் முகமும் வண்டி எண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. குழுவில் பாராட்டுகள் குவிந்தன. அதே காட்சியின் வலது ஓரத்தில், பெண்கள் குளிக்கும் படித்துறையில் எங்கள் தெருப் பெண்கள் இருவர் நனைந்த துணியோடு நிற்பதைக் கவனித்தவர்கள் சிலரே. அந்தச் சிலரில் நானும் ஒருத்தி. அன்று தொடங்கிய அலைச்சலின் பெரும்பகுதி இப்போது முடிந்திருக்கிறது. கல்குளம் வட்டத்தில் மட்டுமல்லாமல், குமரி மாவட்டத்தில் பேரூராட்சிக் கேமரா உள்ள எந்த ஊரில் இருப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கேமராவே கூடாது என்பது என் நிலைப்பாடு அல்ல. கேரளத்திலிருந்து களியக்காவிளை வழியாகவும் ஊடுவழிகளிலும் வரும் இறைச்சிக் கழிவும் மருத்துவக் கழிவும் நம் குளங்களிலும் கால்வாய்களிலும் வந்து விழுவதை நாம் எல்லோரும் பார்த்து வருகிறோம். 2024 டிசம்பரில் நெல்லையில் கொட்டப்பட்ட மருத்துவக் கழிவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகுதான் கேரளம் திரும்ப அள்ளிச் சென்றது. ஆகவே குளத்தங்கரையைக் கண்காணிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கேமராவை யார் உத்தரவின்படி வைத்தார்கள், எந்தத் திசையில் திருப்பினார்கள், பதிவை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், வெளியே கொடுத்தால் அதை எங்கே எழுதிவைக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் அது இல்லை என்பதைக் கண்டுபிடிப்பதற்கே இத்தனை பாடும் பட வேண்டியிருந்தது.

கேமராவைப் பற்றிய ஆவணங்களைக் கேட்டு எழுதிய தகவல் உரிமை மனுவைப் பேரூராட்சி அலுவலகத்தில் நேரில் கொடுக்கப் போனபோது தபால் பிரிவில் இருந்த உதவியாளர் அதை முழுவதும் படித்தார். பிறகு, “டீச்சர், இது போலீஸ் சமாச்சாரம். நமக்கு ஒண்ணும் இதுல இல்ல. ஸ்டேஷன்ல போய்க் கேளுங்க” என்று திருப்பித் தந்தார். காவல் நிலையத்தில், “கேமரா பேரூராட்சி வச்சது அம்மா. ஏதாவது சம்பவம்னா மட்டும் நாங்க ஃபுட்டேஜ் கேட்டு வாங்குவோம்” என்றார்கள். திரும்பி வந்து இதைச் சொன்னதும் உதவியாளருக்குக் கோபம் வந்துவிட்டது. “அது சரி, இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?” என்று கேட்டார்.

இந்த இரண்டுக்கும் சட்டத்தில் நேரான பதில் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் பிரிவு 6(3)இன்படி, கேட்ட தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், மனுவைப் பெற்ற அலுவலகமே 5 நாட்களுக்குள் அதை அங்கே மாற்றி அனுப்பிவிட்டு மனுதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். பிரிவு 6(2)இன்படி, தகவல் எதற்காகத் தேவைப்படுகிறது என்று மனுதாரர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இவற்றை அங்கேயே நின்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனுவைத் தக்கலை அஞ்சலகத்திலிருந்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன். இனி யார் மனு கொடுத்தாலும், தபால் பிரிவில் முத்திரை வைத்த நகல் கையில் கிடைக்காவிட்டால் வாதாடிக்கொண்டு நிற்காமல் நேரே அஞ்சலகத்துக்குப் போய்விடுவது நல்லது. அஞ்சல் ரசீதையும், அது சேர்ந்ததற்கான இணையப் பக்கத்தின் அச்சுப்படியையும் பத்திரப்படுத்துங்கள். மேல்முறையீட்டில் முதலில் கேட்கப்படுவது அவைதான்.

கேள்விகளை அமைப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. “ஏன் வைத்தீர்கள்?”, “இது சரியா?” என்று கேட்டால், விளக்கம் கோருவது தகவல் ஆகாது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனவே ஆவணங்களையே கேட்டேன்: கேமரா வைக்க ஒப்புதல் தந்த மன்றத் தீர்மானத்தின் நகல், பணி ஆணையின் நகல், கேமராவுக்கு மின்சாரம் எடுக்கும் இணைப்பின் எண், பதிவை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற உத்தரவின் நகல், பதிவைப் பார்க்க அதிகாரம் பெற்றவர்களின் பதவிப் பெயர்கள், கடந்த ஓராண்டில் பதிவு வெளியே கொடுக்கப்பட்டதைக் குறிக்கும் பதிவேட்டின் நகல், இவற்றோடு கோப்புகளை நேரில் பார்வையிட அனுமதி. இவற்றில் மின் இணைப்பைப் பற்றிய கேள்வி சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் எங்களுக்கு அதுவே பெரிய உதவியாக அமைந்தது. தெருவிளக்கு இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்கப்படுகிறது, கட்டணத்தைப் பேரூராட்சி செலுத்துகிறது என்று பதில் வந்த பிறகு, கேமரா காவல்துறையுடையது என்று அலுவலகத்தில் யாரும் பேசவில்லை.

கெடுவான 30 நாட்கள் முடியும் தறுவாயில் பதில் வந்தது. தீர்மானமும் பணி ஆணையும் இருந்தன. எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், யார் பார்க்கிறார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்ற மூன்றுக்கும் “பிரிவு 8(1)(ஜி) மற்றும் 8(1)(ஜெ)இன்படி வழங்க இயலாது” என்ற ஒரே வரிதான். முதலாவது, வெளியிட்டால் ஒருவரின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரக்கூடிய தகவலைப் பற்றியது; இரண்டாவது, தனிநபர் தகவலைப் பற்றியது. எப்படி அந்தப் பிரிவுகள் பொருந்துகின்றன என்ற விளக்கம் இல்லை. யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்ற விவரமும் இல்லை. மறுக்கும்போது இவை அனைத்தையும் தெரிவித்தாக வேண்டும் என்று பிரிவு 7(8) கட்டாயப்படுத்துகிறது. அந்த ஒற்றை வரியைப் படித்தபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. படித்துறைப் பெண்களின் அந்தரங்கத்தைக் காக்க எதுவும் செய்யாத அலுவலகம், தனிநபர் தகவலைக் காப்பதாகச் சொல்லி அந்தக் கேமராவின் விதிகளை எனக்கு மறுத்தது.

8(1)(ஜெ) பற்றி எச்சரிக்கையாக இருங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த உட்பிரிவைத் திருத்தியிருக்கிறது. அத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு, பொது நலன் கருதினால் தனிநபர் தகவலையும் தரலாம் என்ற வாசகம் அந்த உட்பிரிவுக்குள்ளேயே இருந்தது. இப்போது “தனிநபர் தகவல்” என்பது மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அலுவலகங்கள் இதை எல்லாவற்றுக்கும் நீட்டப் பார்க்கும். நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது பிரிவு 8(2). காக்கப்படும் நலனைவிட வெளியிடுவதில் பொது நலன் மிகுதியாக இருந்தால் தகவலைத் தரலாம் என்று அது இன்னும் சொல்கிறது. அதற்கும் முன்னால், நான் எந்தத் தனிநபரைப் பற்றியும் கேட்கவே இல்லை. பதவிப் பெயர்களையும் அலுவலக விதிகளையும் மட்டும் கேட்டேன் என்பதை மேல்முறையீட்டு மனுவின் முதல் பத்தியிலேயே எழுதினேன். மறுப்பு நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பு தகவல் அலுவலருடையது என்ற பிரிவு 19(5)ஐயும் சேர்த்தேன்.

மேல்முறையீட்டுக்குத் தயாரானபோது பிரிட்டனில் இதே சிக்கல் எப்படிப் போனது என்று தேடிப் படித்தேன். அங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளூர் மன்றங்களுக்கும் மறைவாகக் கண்காணிக்கும் அதிகாரத்தைத் தந்திருந்தது. 2008இல் பூல் என்ற ஊரின் மன்றம், ஒரு குடும்பம் குறிப்பிட்ட பள்ளியின் சேர்க்கை எல்லைக்குள்தான் குடியிருக்கிறதா என்று அறிய, தாயையும் பிள்ளைகளையும் ஏறத்தாழ மூன்று வாரம் பின்தொடர்ந்து வேவு பார்த்தது. 2010இல் அங்குள்ள தீர்ப்பாயம் அதைச் சட்டவிரோதம் என்றது. பிறகு 2012இல் சட்டத்தையே இறுக்கினார்கள்: மன்றங்கள் இத்தகைய கண்காணிப்புக்கு மாஜிஸ்திரேட்டின் ஒப்புதல் பெற வேண்டும், சில விதிவிலக்குகள் தவிர 6 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றமாக இருந்தால்தான் அனுமதி. நம் கேமரா மறைவானதல்ல, கம்பத்தில் எல்லோரும் பார்க்க நிற்பது என்பதால் அந்தச் சட்டம் இங்கே அப்படியே பொருந்தாது. ஆனாலும் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர் தனக்குத் தானே அனுமதி தந்துகொள்ளக் கூடாது என்ற அடிப்படை இரண்டு ஊருக்கும் பொது. நம் நாட்டிலும், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதில் அரசு தலையிடுவதற்குச் சட்ட அடிப்படை, நியாயமான தேவை, தேவைக்கு மிஞ்சாத அளவு ஆகியவை வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. குப்பையைப் பிடிக்கப் படித்துறை எதற்கு என்ற என் கேள்விக்கு மூன்றாவது அளவுகோலே போதுமானதாக இருந்தது.

முதல் மேல்முறையீட்டுக்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை. மறுப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். எங்கள் அலுவலகத்தில் மேல்முறையீட்டு அலுவலர் செயல் அலுவலர்தான். அவர் நடந்துகொண்ட விதத்தில் எனக்குக் குறையில்லை. வார்டு கவுன்சிலரையும், படித்துறையைப் பயன்படுத்தும் அக்காமார் இருவரையும் விசாரணைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அவர்கள் பேசியது என் சட்டப் பிரிவுகளைவிட நன்றாக வேலை செய்தது. “சார், கரண்ட் கம்பத்துல கேமரா இருக்குன்னு தெரியும். அது எங்களப் பாக்குதுன்னு யாரு சொன்னா?” என்று ஓர் அக்கா கேட்டபோது அறையில் இருந்த யாரும் பதில் சொல்லவில்லை. அன்றே ஆவணங்களையும் கருவியையும் பார்வையிட அனுமதி கிடைத்தது.

பீரோவுக்கு மேலே ஒரு டிவி, அதில் பதினாறு கட்டங்கள். குளத்தங்கரைக் கட்டத்தில் குப்பை விழும் இடம் கீழ் மூலையில் ஒரு கைக்குட்டை அளவுக்குத்தான் இருந்தது. மீதி முழுவதும் தண்ணீரும் படித்துறையும். பதிவுப் பெட்டியின் பக்கவாட்டில் செல்லோ டேப்பால் ஒட்டிய காகிதத் துண்டில் பெயரும் கடவுச்சொல்லும் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. ஒரே கணக்கைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். பராமரிப்பு ஒப்பந்ததாரரின் பையன்களும் தங்கள் கைப்பேசிச் செயலியில் அதே கணக்கைத் திறந்து பார்க்க முடியும் என்பதை, பக்கத்தில் நின்ற கணினி உதவியாளர் ஒளிக்காமல் சொன்னார். எத்தனை நாள் வைத்திருப்பது என்று யாரும் முடிவு செய்யவில்லை. வட்டு நிறைந்ததும் பழையது தானாக அழிகிறது. தீர்மானத்தில் கேமரா வாங்கும் தொகை இருந்தது, எண்ணிக்கை இருந்தது, வேறெதுவும் இல்லை. எனக்கு மறுக்கப்பட்ட மூன்று ஆவணங்களும் உண்மையில் உருவாக்கப்படவே இல்லை. பார்வையிடப் போகும்போது கையில் வெள்ளைத்தாள் கொண்டுபோய், பார்த்ததை அங்கேயே எழுதி, உடனிருக்கும் அலுவலரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

செயல் அலுவலரின் ஆணை எங்களுக்குச் சாதகமாகவே வந்தது. கேமராவைத் திருப்பினார்கள். திருப்பிய பிறகும் படித்துறையின் மேல்படிகள் தெரிந்ததால், அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதியைக் கருவியிலேயே இயக்கச் சொன்னோம். பெரும்பாலான கேமராக்களில் இந்த வசதி முன்பே இருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. கடவுச்சொல் மாற்றப்பட்டது. கம்பத்தில் அறிவிப்புப் பலகை வந்தது. கவுன்சிலர் அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேர்த்து, பதிவை 15 நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை, எழுத்து மூலமான கோரிக்கை இல்லாமல் யாருக்கும் கொடுப்பதில்லை, கொடுத்தால் பதிவேட்டில் எழுதுவது என்ற தீர்மானத்தை நிறைவேற்றவைத்தார். அதன் நகலையும் மனு போட்டுத்தான் வாங்கினேன்.

நிறைவேறாமல் நிற்பது ஒன்று உண்டு. அந்த முதல் பதிவை வெளியே விட்டது யார் என்பதற்கு, “பதிவேடு பராமரிக்கப்படாததால் விவரம் இல்லை” என்று பதில் தந்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் அந்தரங்க உறுப்புகளைப் படமெடுத்துப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. எங்கள் காட்சியில் அந்த அளவுக்கு எதுவும் இல்லாததால் காவல்துறைப் புகாராக அதைக் கொண்டுசெல்ல அக்காமார் விரும்பவில்லை; அவர்கள் முடிவை மதிக்கிறேன். ஆனால் ஒப்பந்ததாரருக்கு எந்த நிபந்தனையில் அணுகல் தரப்பட்டது என்ற ஆவணத்தைக் கேட்டு, மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் பிரிவு 19(3)இன்படி இரண்டாம் மேல்முறையீடு அனுப்பியிருக்கிறேன். இதற்குக் கெடு 90 நாட்கள். முதல் மனு, பதில், முதல் மேல்முறையீடு, அதன் ஆணை ஆகியவற்றின் நகல்களில் நீங்களே சான்றொப்பமிட்டு, பக்க எண் போட்டு, ஓர் அட்டவணையோடு இணைத்து அனுப்புங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மனு திரும்பி வர வாய்ப்புண்டு, அதற்குள் கெடு ஓடிவிடும்.