காலடியில் பிராக்

செக் நாட்டின் தலைநகரான பிராகுக்கு நூறு கோபுர நகரம் என்று ஒரு பெயர் உண்டு. அங்கே போகிற எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நடப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் நான்கு நாள் சுற்றிவிட்டு, கிளம்பும் இரவு ஃபோனில் படங்களைப் புரட்டியபோது பாதிக்கு மேல் தரையைத்தான் எடுத்திருந்தேன்.

அக்டோபர் முதல் வாரம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் தங்கை பேருந்தில் வந்து என்னோடு சேர்ந்துகொண்டாள். பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் அறை. சூட்கேஸைக் கல் பதித்த தெருவில் கடகடவென்று இழுத்துக்கொண்டு வரும்போதே தெரிந்தது, இந்த ஊரில் செருப்பு சரிப்படாது, நல்ல ஷூ வேண்டும் என்று. போகிறவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள்.

மறுநாள் காலையில் நேராக வானியல் கடிகாரத்துக்குப் போனோம். 1410இல் வைத்த கடிகாரம், இன்னமும் ஓடுகிறது. ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூடு ஒன்று மணிக்கயிற்றை இழுக்கிறது. மேலே இரண்டு ஜன்னல்களில் பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து எட்டிப் பார்க்கிறார்கள். கடைசியில் பொன்னிறச் சேவல் கூவுகிறது. நூறு இருநூறு பேர் கையை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூட்டத்தில் நெரிசல் தாங்கவில்லை. ஒதுங்கி நகர மண்டபத்தின் பக்கவாட்டுக்கு வந்தேன். "அக்கா, மேலே பாரு, சேவல்!" என்று தங்கை கத்துகிறாள். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஷூ ஒரு வெள்ளைச் சிலுவையின் மேல் இருந்தது.

சாம்பல் நிறக் கற்களுக்கு நடுவே வெள்ளைக் கல்லால் பதித்த சிலுவைகள். எண்ணினேன், 27. 1620 நவம்பரில் பிராகுக்கு வெளியே வெள்ளை மலை என்ற மேட்டில் நடந்த சண்டையில் செக் நாட்டுப் புரட்டஸ்தாந்தப் பிரபுக்கள் ஹாப்ஸ்பர்க் பேரரசரிடம் தோற்றுப்போனார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 21ஆம் தேதி, கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய 27 பேரை இந்த இடத்தில்தான் கொன்றார்கள். மூன்று பிரபுக்கள், ஏழு வீரப்பெருமக்கள், பதினேழு நகரத்தார். விடிகாலையில் தொடங்கி மணிக்கணக்கில் நடந்திருக்கிறது. அவர்களில் ஒருவர் யான் யெசேனியஸ் என்ற மருத்துவர். 1600இல் பிராகில் பொதுமக்கள் முன்னால் மனித உடலை அறுத்துக் காட்டிப் பாடம் நடத்தியவர், பிறகு பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். கொல்வதற்கு முன் அவருடைய நாக்கை வெட்டினார்கள். பன்னிரண்டு பேருடைய தலைகளைப் பாலத்துக் கோபுரத்தில் தொங்கவிட்டு, பத்து ஆண்டுகள் அப்படியே வைத்திருந்தார்கள். அதன் பிறகு சுமார் முந்நூறு ஆண்டுகள், 1918 வரை, இந்த நாடு ஹாப்ஸ்பர்க் ஆட்சியில்தான் கிடந்தது.

சிலுவைகளைச் சுற்றிக் கயிறு கிடையாது, வேலி கிடையாது. குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்து அதன் மேலேயே தள்ளிக்கொண்டு போகிறார்கள். முதலில் எனக்கு மனசு என்னவோ செய்தது. கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பார்த்தேன். ஒரு பாட்டி பேரனோடு வந்தார். அவர் நடையை நிறுத்தவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை, ஆனால் கால் மட்டும் தானாக வளைந்து சிலுவைகளைச் சுற்றிக்கொண்டு போனது. பையனும் அப்படியே செய்தான்.

அதே சதுக்கத்தில் இன்னொன்று இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தரையில் நீளமாக ஒரு உலோகப் பட்டை. பிராக் நகரம் தன் நண்பகலைக் கணித்த கோடு அது. 1650இல் இங்கே மரியன்னைக்கு ஒரு தூண் எழுப்பினார்கள். அந்தத் தூணின் நிழல் இந்தக் கோட்டில் விழுந்தால் உச்சிப்பொழுது. 1918இல் விடுதலை கிடைத்த அடுத்த வாரமே, ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் சின்னம் என்று சொல்லிக் கூட்டம் அந்தத் தூணைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தது. 2020இல்தான் அதே இடத்தில் மறுபடி தூண் எழுந்தது. நடுவில் நூறு ஆண்டுகள் இந்தக் கோடு நிழல் இல்லாமலே கிடந்திருக்கிறது. நாங்கள் வேண்டுமென்றே காத்திருந்தோம். கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் கடிகாரம் இங்கே அக்டோபர் கடைசி வரை அப்படியே ஓடும், அதனால் பன்னிரண்டு மணிக்கு நிழல் கோட்டில் வராது. ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மேகம் விலகியது. நிழல் நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. பட்டையின் மேல் அது வந்து உட்கார்ந்த நேரத்தில், கடிகாரத்துக்கு நின்ற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு பேர்கூட இங்கே இல்லை.

சார்ல்ஸ் பாலத்தைப் பற்றி எழுதாதவர்கள் கிடையாது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1357இல் அடிக்கல் நாட்டிய பாலம், பதினாறு வளைவுகள், இரு பக்கமும் முப்பது சிலைகள். நெபோமுக் ஜான் என்ற பாதிரியாரை 1393இல் இங்கிருந்துதான் வல்தாவா ஆற்றில் வீசினார்கள். அவருடைய சிலைக்குக் கீழே இருக்கும் வெண்கலத் தகட்டை எல்லோரும் தொட்டுத் தொட்டு, அந்த இடம் மட்டும் தங்கமாக மின்னுகிறது. காலை ஆறரைக்குப் போங்கள். பத்து மணிக்கு மேல் போனால் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள்.

பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் ஏறும் ஒரு சந்தில் நடைபாதையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குட்டை முக்காலியில் உட்கார்ந்து கல் பதித்துக்கொண்டிருந்தார். பிராகின் பழைய பகுதிகளில் நடைபாதைகள் பெரும்பாலும் இப்படிக் கையால் பதித்தவைதான். வெள்ளை, நீலச்சாம்பல், இளஞ்சிவப்பு என்று உள்ளங்கையில் அடங்கும் சின்னச் சின்னக் கனசதுரங்கள், அதில் கட்டமும் சாய்சதுரமும் நட்சத்திரமுமாகக் கோலம். அவர் பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுப்பார். கையிலேயே இரண்டு மூன்று தரம் திருப்புவார். எந்த முகம் மேலே வரவேண்டும் என்று விரலே முடிவு செய்கிற மாதிரி இருந்தது. பொருந்தவில்லை என்றால் சுத்தியலால் மூலையில் ஒரே தட்டு, ஒரு சில்லு தெறிக்கும். மணலில் வைத்து, டக் டக் என்று இரண்டு அடி. அடுத்த கல். நாங்கள் அரை மணி நேரம் நின்றிருப்போம். எங்களுக்கு செக் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் கும்பிட்டேன். அவர் சிரித்துவிட்டு, கையில் இருந்த இளஞ்சிவப்புக் கல்லை என்னிடம் நீட்டி, குழியைக் காட்டினார். வைத்தேன். லேசாகச் சாய்ந்திருந்தது. அவர் அதை எடுத்து, திருப்பி, மறுபடி வைத்து, இரண்டு தட்டு தட்டினார். அது இப்போதும் அங்கே இருக்கும்.

மூன்றாம் நாள் யூதர் பகுதியான யோசெஃபோவ். பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர் முழுக்கப் பெயர்கள். நாஜிகள் கொன்ற செக், மொராவிய யூதர்கள் ஏறக்குறைய எண்பதாயிரம் பேருடைய பெயர்களையும் கையால் எழுதியிருக்கிறார்கள். ஐம்பதுகளில் ஒருமுறை எழுதி முடித்தார்கள். 1968க்குப் பிறகு கம்யூனிஸ்ட் அரசு கூடத்தை மூடிவைத்தது, எழுத்துகள் அழிந்தன. ஆட்சி மாறிய பிறகு, 1992 முதல் 1996 வரை, முதல் பெயரிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதினார்கள். மாடியில் தெரேசின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். வீடு, மரம், பட்டாம்பூச்சி. தங்கை பாதியிலேயே வெளியே போய்விட்டாள்.

அவள் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வாசல்படிக்கு முன்னால் நடைபாதையில் நான்கு பித்தளைச் சதுரங்கள், ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர். குன்டர் டெம்னிக் என்ற ஜெர்மன் கலைஞர் தொண்ணூறுகளில் தொடங்கிய முயற்சி இது, இப்போது ஐரோப்பா முழுக்கப் பதித்திருக்கிறார்கள். 'இங்கே வாழ்ந்தார்' என்று செக் மொழியில் தொடங்குகிறது. அப்புறம் பெயர், பிறந்த ஆண்டு, எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள், எங்கே கொன்றார்கள். நான்கிலும் ஒரே குடும்பப் பெயர். கடைசிக் கல்லில் பிறந்த ஆண்டு 1938. படிப்பதற்குக் குனிந்தே ஆகவேண்டும், நின்றபடி படிக்க முடியாது. மூன்று கற்கள் பளிச்சென்று இருந்தன, ஒன்று மட்டும் கறுத்திருந்தது. தங்கை கைக்குட்டையை நனைத்து அதைத் தேய்த்தாள். ரொம்ப ஒன்றும் மாறவில்லை. ஆனாலும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலை வென்செஸ்லாஸ் சதுக்கம். தேசிய அருங்காட்சியகத்துக்கு முன்னால் தரை ஓரிடத்தில் புடைத்திருக்கிறது. கற்களுக்கு அடியில் யாரோ படுத்திருக்கிற மாதிரி. அந்தப் புடைப்பிலிருந்து வெண்கலச் சிலுவை ஒன்று படுத்தவாக்கில் வெளியே தெரிகிறது. 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையில் டாங்கிகள் இந்த நகரத்துக்குள் வந்தன. ஆக்கிரமிப்பை மக்கள் பழகிக்கொள்ளத் தொடங்குவதைத் தாங்க முடியாமல், 1969 ஜனவரி 16 அன்று யான் பாலக் என்ற மாணவர் இங்கே தீக்குளித்தார், மூன்று நாள் கழித்து இறந்தார். வயது 20. அடுத்த மாதம் யான் சாயிட்ஸ். வயது 18. இருவர் பெயரும் அந்தச் சிலுவையில் இருக்கின்றன. எனக்கு அந்த இடத்தில் வியப்பு வரவில்லை, அவர்கள் வீட்டில் அன்றைக்கு யார் இருந்திருப்பார்கள் என்றுதான் தோன்றியது. அம்மாவின் வயதில் இருந்து பார்த்தால் பதினெட்டு என்பது குழந்தைதான்.

பாலக் படித்தது சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தில், 1348இல் தொடங்கியது அது. தமிழ் படிக்கிற எவருக்கும் அந்தப் பெயர் இன்னொரு காரணத்துக்காகத் தெரிந்திருக்கவேண்டும். கமில் சுவலபில் அங்கேதான் படித்தார். 1927இல் பிராகில் பிறந்து, சங்க இலக்கியத்தையும் முருகனையும் சித்தர்களையும் உலகத்துக்கு எடுத்துச் சொன்ன அறிஞர். அந்த டாங்கிகள் வந்த பிறகு அவரும் நாட்டை விட்டு வெளியேறினார். பிறகு பல ஆண்டுகள் நெதர்லாந்தில் பேராசிரியராக இருந்தார், 2009இல் பிரான்ஸில் காலமானார். அவர் பிறந்தநாள் நவம்பர் 17. 1939இல் அதே தேதியில்தான் நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை இழுத்து மூடினார்கள், ஐம்பது ஆண்டு கழித்து 1989இல் அதே தேதியில்தான் மாணவர் ஊர்வலம் கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கவிழ்த்த போராட்டத்தைத் தொடங்கிவைத்தது. பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம் ஆற்றங்கரையில் பாலக் பெயர் சூட்டிய சதுக்கத்தில் இருக்கிறது. அதன் வாசல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிராகில் யாரோ ஒருவர் தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய காலத்தை நினைத்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் கேட்பீர்கள். சைவம் என்றால் உருளைக்கிழங்கு சூப்பும், பிரெட்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டியும் பல கடைகளில் கிடைக்கும். குளிருக்கு அந்த சூப் அமிர்தம்.

கடைசி நாள் காலையில், தங்கை எங்கோ படித்திருந்தாள் என்று சொல்லி ஜிஷ்கோவ் பகுதிக்கு டிராமில் கூட்டிப்போனாள். பெரிய டிவி கோபுரம் ஒன்று நிற்கிறது, அதன் காலடியில் பழைய யூதர் இடுகாடு. வாரத்தில் சில நாள்தான் திறப்பார்கள், நேரம் பார்த்துவிட்டுப் போங்கள். 2020 மே மாதம் வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் கீழ்ப்பக்கம் தெருவைச் செப்பனிடத் தோண்டினார்கள். எடுத்த கற்களைப் புரட்டினால், அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. சிலவற்றில் எபிரேய எழுத்துகள். யூதர் கல்லறைக் கற்களைக் கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் துண்டுதுண்டாக உடைத்துத் தெருவில் பதித்திருக்கிறார்கள். அந்தக் கற்களை எல்லாம் இங்கே கொண்டுவந்து ஒரு நினைவிடம் அமைத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கல்லில் எழுத்தின் பாதி. இன்னொன்றில் ஏதோ எண்ணின் வால். பலவற்றில் ஒன்றுமே இல்லை, வெறும் பளபளப்பு. சந்தில் கல் பதித்தவரின் கை ஞாபகம் வந்தது. எந்தக் கல்லும் தானாகக் குப்புற விழாது. ஒருவர் இதைக் கையில் எடுத்திருக்கிறார், இரண்டு மூன்று தரம் திருப்பியிருக்கிறார், எழுத்தைப் பார்த்திருக்கிறார், அதன் பிறகு எழுத்து கீழே போகும்படி வைத்து இரண்டு தட்டு தட்டியிருக்கிறார். ஒவ்வொரு கல்லுக்கும் அப்படி.

யூதர் கல்லறைகளில் பூ வைப்பதில்லை, கூழாங்கல் வைப்பார்கள். மரத்தடியில் தேடி ஆளுக்கு ஒன்று எடுத்து வைத்தோம். தங்கை தன்னுடையதை வைத்துவிட்டு, சரியாக நிற்கவில்லை என்று எடுத்து, திருப்பி, மறுபடி வைத்தாள்.