நிலாவெளியில் நைட் டியூட்டி

ஓகஸ்ட் 9

கடற்கரையில் பிள்ளைகள் முகாம், எனக்கு இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை முறை. 38 பிள்ளைகள், எட்டுக் கூடாரம், முழித்திருக்க நானும் ஒரு மிஸ்ஸும். பாதிப் பேர் திருகோணமலை டவுன், மூதூர்ப் பக்கம், மிச்சப் பேர் ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மணிக்கொரு தரம் ஆள் எண்ண வேண்டும், ஒருவரும் கடல் பக்கம் போகாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இந்த மாதத்தில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், எனக்குப் பயமே அதுதான். மார்கழியில் வந்திருந்தால் அலையைப் பார்த்துத் தாங்களாகவே தள்ளி நிற்பார்கள்.

முகத்தில் டோர்ச் அடித்தால் எழும்பிவிடுகிறார்கள். அதனால் கால்களை எண்ணி இரண்டால் பிரித்தேன். முதல் சுற்றில் 75 வந்தது. நெஞ்சு அடித்துக்கொள்ள எல்லாக் கூடாரத்தையும் திரும்பப் பார்த்தால், ஒருத்தன் ஒரு காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கிடக்கிறான்.

பன்னிரண்டரைக்கு ஹட்டன் பிள்ளை ஒன்று வெளியே வந்து, "அண்ணே, இந்தச் சத்தத்த எத்தன மணிக்கு நிப்பாட்டுவாங்க?" என்றது. எந்தச் சத்தம் என்று கேட்டேன், கடலைக் காட்டியது. அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் காற்றாடி இரவெல்லாம் ஓடுமாம், விடிந்தால் ஓய்ந்துவிடுமாம். இது ஓயாது என்று சொல்ல மனம் வரவில்லை. பழகிவிடும் என்றேன்.

பதிவேட்டில்: "அமைதி."

ஓகஸ்ட் 10

கச்சான் காற்று பிய்த்து எடுத்துவிட்டது. கூடாரம் அடித்தவர்கள் வெளியூர்க்காரர்கள், கடற்கரையில் காற்று கடலிலிருந்துதான் வரும் என்று நினைத்து அந்தப் பக்கத்துக் கயிறுகளை மட்டும் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கச்சான் தென்மேற்கிலிருந்து, தரைப் பக்கமிருந்து வரும் காற்று, இங்கே வளர்ந்தவனுக்கு அது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் என்னிடம் யார் கேட்டார்கள்? இரண்டு மணிக்கு மூன்றாம் கூடாரத்து முளை மணலை விட்டுக் கிளம்பியது. குசினியில் கிடந்த வெறும் அரிசிச் சாக்குகளில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்தோம். அதன்பிறகு அசையவில்லை. உள்ளே ஒரு பிள்ளையும் எழும்பவுமில்லை.

"அமைதி. காற்று."

ஓகஸ்ட் 11

மூன்று மணிச் சுற்றில் ஒரு பையன் கூடாரத்துக்கு வெளியே குந்திக்கொண்டிருந்தான். எந்த ஊர், என்ன வயது என்று எழுதமாட்டேன். ஏன் தம்பி என்றால் பேச்சில்லை, பாய் நனைந்திருந்தது. பெட்சீட்டையும் சாரத்தையும் கிணற்றடியில் அலசி குசினிக்குப் பின்னால் போட்டேன், முந்தின நாள் திட்டித் தீர்த்த அதே கச்சான் ஐந்து மணிக்குள் காயவைத்துத் தந்தது. பாய்தான் காயவில்லை. அதனால் கூடாரத்துக்குள் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இருட்டில் தடுக்கி விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். மிஸ் என்னைக் கிழித்தார். பிள்ளைகளுக்கு நல்ல சிரிப்பு, அவனும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.

"அமைதி. வாளி ஒன்று கவிழ்ந்தது."

ஓகஸ்ட் 12

இன்று தூங்கவிடாமல் வைப்பதே டியூட்டி. வருடா வருடம் ஓகஸ்ட் 12, 13 அளவில் எரிநட்சத்திரம் கூடுதலாக விழும், ஒரு வால்வெள்ளி விட்டுப்போன தூசிக்குள் பூமி புகுந்து போவதால். நள்ளிரவுக்குப் பிறகுதான் நன்றாகத் தெரியும் என்பதால் மூன்று மணிக்குப் பெரிய பிள்ளைகளை எழுப்பி, கயிறு கட்டிய எல்லைக்கு இந்தப் பக்கம் பாய் விரித்தோம். தூரத்தில் மீன்பிடிப் படகு வெளிச்சம், அதற்கே இரண்டு பேர் கத்தினார்கள். பிறகு நிசமானது விழுந்தது. இருபது வரை எண்ணினோம், அதற்குப் பிறகு எது யார் பார்த்தது என்று சண்டை வந்ததால் கணக்கை விட்டுவிட்டோம். ஹட்டன் பிள்ளை தானும் பார்க்க வேண்டும் என்று பகலே சொல்லிவைத்திருந்தது, மூன்று தரம் எழுப்பியும் அசையவில்லை. கடல் நன்றாகப் பழகிவிட்டது போல.

அந்தப் பையன் என் பாய்க்குப் பக்கத்தில் வந்து படுத்தான். வானத்தைப் பார்த்தபடியே கேட்டான்: "நாளைக்கும் நீங்களா அண்ணா டியூட்டி?"

நான்தான் என்றேன்.

"சரி" என்று திரும்பிப் படுத்தான்.