பொலிவியாவுக்குப் புறப்படுமுன்: கிருஷ்ணகிரிப் பயிற்சி நாட்குறிப்பு

ஜூன் 2, திங்கள்

இந்த ஆண்டு ஸ்பானிஷ் பேசும் தென் அமெரிக்க நாடான பொலிவியாவுக்கு மறைபரப்புப் பணிக்குப் போகிறவர்களில் அருள்சகோதரிகளும் உண்டு, பொதுநிலையினரும் உண்டு. எல்லாருக்கும் முதல் விதி ஒன்றுதான்: ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகப் படிக்க வேண்டாம். தமிழிலிருந்து நேரே போனால் பாதித் தொல்லை குறையும்.

உயிரொலிகள் ஐந்தே: அ, எ, இ, ஒ, உ. இவை தமிழ்க்காரருக்குச் சிரமமே தராது. ஆனால் ஆங்கிலப் பழக்கம் உள்ளவர்கள் 'நோ' என்பதை 'நோவ்' என்று இழுத்துவிடுகிறார்கள். தகரமும் அப்படித்தான். ஸ்பானிஷில் அது 'தம்பி'யில் வரும் த. ஆங்கிலம் பழகிய நாக்கு அதை ட ஆக்கிவிடும்.

நமக்கு உண்மையான சிக்கல் சொல்லின் நடுவில் வருகிறது. தமிழில் 'அது' என்னும்போது த தானாக மெலிந்துவிடும். ஸ்பானிஷில் மெலிந்த த வேறு, வலித்த த வேறு. 'மோதோ' என்றால் விதம், 'மோத்தோ' என்றால் மோட்டார் சைக்கிள். வலித்ததைச் சொல்லும்போது 'பத்து' போல அழுத்தி நிறுத்தவும் கூடாது. ஒற்றைத் தகரத்தின் நேரத்தில், குரல் சேராமல் வர வேண்டும். கைபேசியில் பதிவு செய்து கேட்டுத் திருத்துவதுதான் வழி. குறிப்பேட்டில் சொற்களை ஸ்பானிஷ் எழுத்திலேயே எழுத வேண்டும். தமிழில் எழுதிப் படித்தால் இந்த வேறுபாடெல்லாம் மறைந்துவிடும்.

ஜூன் 4, புதன்

ர, ற. நம் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன, அங்கே ஒன்றாகாது. 'காரோ' விலை அதிகம், 'கார்ரோ' வண்டி. நுனிநாக்கை மேற்பல் ஈறுக்குப் பின்னால் தளர்வாக வைத்து மூச்சைத் தள்ளினால் உருளும், இறுக்கினால் உருளாது. பொலிவிய மலைநாட்டில் பலர் இதை உருட்டாமல் உரசொலியாகச் சொல்வார்கள். பேசுவதற்கு உருட்டலே போதும், கேட்பதற்கு அந்த உரசலும் பழக வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

இலக்கணம் தொடங்கியது. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதை ஆங்கிலம் வழியாகக் கொண்டுபோனால் 'எனக்குத் தலைவலி உண்டு' என்ற வடிவம் வரும். ஸ்பானிஷில் இயல்பான வாக்கியம் 'மே துவேலே லா கபேசா', அதாவது நம் 'எனக்கு வலிக்கிறது தலை'. பிடிக்கும் என்பதும் இதே அச்சுதான்: 'மே குஸ்தா'. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பிடித்த பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகும். கிருஷ்ணகிரி மாம்பழங்களைச் சொல்வதென்றால் 'மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்'. தமிழில் 'பிடிக்கும்' மாறாது என்பதால் இங்கே எல்லாரும் சறுக்குகிறார்கள்.

'இரு' என்ற பொருளில் வரும் 'ஸெர்', 'எஸ்தார்' என்ற இரண்டு வினைகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தமிழில் வினையே இல்லாமல் முடியும் இடத்தில் பெரும்பாலும் ஸெர்: 'அவர் ஆசிரியர்'. 'இருக்கிறார்' என்று சொல்லும் இடத்தில் பெரும்பாலும் எஸ்தார்: 'வீட்டில் இருக்கிறார்', 'களைப்பாக இருக்கிறார்'. இந்த வழி இரண்டு இடத்தில் உடையும். 'உயரமாக இருக்கிறார்' என்பது நிலையான இயல்பு, ஆகவே ஸெர். 'பக்கத்தில் மருந்துக்கடை இருக்கிறதா?' என்பதற்கு இரண்டும் ஆகாது, 'ஐ' என்ற தனி வடிவம் வேண்டும். தமிழ்ப் பழக்கத்தில் ஸெரை அப்படியே விழுங்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

ஜூன் 11, புதன்

பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால், பெண்பால். குறுக்குவழி இல்லை. 'லா மானோ' (கை), 'எல் மாப்பா' (வரைபடம்) என்று முன்னால் வரும் 'லா', 'எல்' என்ற சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

'ஊஸ்தெத்' நம் நீங்கள், 'தூ' நம் நீ. ஆனால் ஊஸ்தெத்துக்கு வினை 'அவர்' வடிவில் வரும். அவர்களாக 'தூ'வுக்கு மாறச் சொல்லும்வரை எல்லாரையும் ஊஸ்தெத் என்றே அழைப்பது நல்லது. பொலிவியாவின் கிழக்கே சாந்தா குரூஸில் 'தூ'வுக்குப் பதில் 'வோஸ்' கேட்கும். பலரைச் சேர்த்து அழைக்கும் 'வோசோத்ரோஸ்' ஸ்பெயினுக்கு உரியது. அந்த வரிசையை அட்டவணையில் அடித்துவிட்டே படிக்கலாம்.

ஜூன் 18, புதன்

பாடநூல்கள் கடைசிக்குத் தள்ளிவைக்கும் விருப்பவினையை நாங்கள் இப்போதே தொடங்குகிறோம், செபத்திலிருந்து. 'போற்றப்பெறுக', 'வருக', 'நிறைவேறுக' என்று நம் வியங்கோள் வினைகள் வரும் இடங்களில்தான் கிறிஸ்து கற்பித்த செபத்தின் ஸ்பானிஷ் வடிவத்திலும் விருப்பவினை நிற்கிறது: 'ஸேயா', 'வேங்கா', 'ஆகாஸே'. தினமும் சொல்லும் செபம் என்பதால் நாவில் தங்கிவிடும். அதன்பின் 'நீங்கள் வர வேண்டும் என்று விரும்புகிறேன்' போன்ற வாக்கியங்களுக்கு நகர்வது எளிது.

ஜூன் 23, திங்கள்

பண்பாட்டுப் பயிற்சி. இதற்கு நம் மாவட்டமே போதும். தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழியாக உள்ள ஊர்கள் ஏராளம். அந்த மொழி தெரியாதவரை அங்கே ஒரு குடும்பத்தோடு ஒரு வாரம் தங்க வைக்கிறோம். தமிழ் கூடாது, ஆங்கிலம் கூடாது, கைபேசி மொழிபெயர்ப்பும் கூடாது. தண்ணீர் கேட்பது, சந்தையில் விலை கேட்பது, உடம்புக்கு முடியவில்லை என்று சொல்வது, இவ்வளவும் அந்த மொழியில் நடக்க வேண்டும். கற்றுக்கொடுக்க அல்ல, கற்றுக்கொள்ளவே போகிறோம் என்பது உடம்பில் ஏற இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை. தங்கும் வீட்டுக்கு அரிசி, மளிகைச் செலவை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

மாலையில் சிறு பழக்கங்கள். 'சரி' என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் அங்கே 'இல்லை' என்று நினைத்துவிடலாம். வாயால் 'ஸி' சொல்லிப் பழக வேண்டும். பெண்கள் கன்னத்தோடு கன்னம் வைத்து வாழ்த்துவது அங்கே சாதாரணம், ஆணும் பெண்ணும்கூட. கூச்சம் போக இங்கேயே ஒத்திகை பார்ப்பது நல்லது. வீட்டுக்குள் செருப்போடு நடப்பார்கள். முகம் சுளிக்கக் கூடாது.

ஜூன் 25, புதன்

ஸ்பானிஷ் மட்டும் போதாது. பொலிவியாவின் 2009 அரசியலமைப்பு ஸ்பானிஷோடு 36 பூர்வகுடி மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்கிறது. மலைக்கிராமப் பாட்டிகளுக்குக் கெச்சுவாவோ ஐமாராவோதான் தாய்மொழி. ஸ்பானிஷ் அவர்கள்மேல் ஏறி வந்த மொழி. அதைப் பேசிக்கொண்டு போகிறவர் யார் பக்கம் நிற்பதாகத் தோன்றும் என்பதை யோசித்தே போக வேண்டும். 1584இல் லிமாவில் அச்சான மறைக்கல்வி நூலிலேயே மூன்று மொழிகளும் இருந்தன. எந்தப் பங்குக்கு (கோயில் வட்டாரத்துக்கு) அனுப்புவார்கள் என்று தெரிந்ததும் அங்கத்திய மொழியில் வணக்கமாவது படிக்க வேண்டும்.

பொலிவியாவில் இருக்கும் உரையாடல் துணைவரோடு பேசும் நேரம்: இங்கே காலை 6.30 என்றால் அங்கே முந்தைய இரவு 9.

ஜூன் 30, திங்கள்

ஆவணங்கள். நம்மில் பலர் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும். ஸ்பானிஷ் படிவங்களோ தந்தைவழி, தாய்வழி என இரண்டு குடும்பப்பெயர் கேட்கும். பாஸ்போர்ட் எடுக்கும் முன்பே தலைப்பெழுத்தை விரித்து, தந்தை பெயரைக் குடும்பப்பெயராகக் கொடுத்துவிட வேண்டும். ஞானஸ்நானச் சான்று, கல்விச் சான்று எல்லாவற்றிலும் அதே எழுத்து இருக்கட்டும். சான்றுகளில் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்றொப்பம்) வாங்கப் போன பிறகு திருத்துவது பெரும்பாடு.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி ஒரே ஊசிதான். அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டும் (சென்னையிலும் பெங்களூருவிலும் உண்டு) போட்டு, சான்றான மஞ்சள் அட்டை வாங்க வேண்டும். போட்ட 10 நாளுக்குப் பிறகே சான்று செல்லும். அதன்பின் ஆயுள் முழுக்க. முட்டை ஒவ்வாமை இருந்தாலும் 60 வயது கடந்திருந்தாலும் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். அட்டை இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம்.

கடைசியாக உயரம். லா பாஸ் நகருக்கான எல் ஆல்ட்டோ விமான நிலையம் 4,000 மீட்டருக்கு மேல். கிருஷ்ணகிரி சுமார் 500. நேரே அங்கே இறங்காமல், தாழ்வான சாந்தா குரூஸில் இறங்கி, 2,500 மீட்டரில் உள்ள கோச்சபாம்பாவில் சில நாள் தங்கி, பிறகு ஏறுவதே முறை. தலைவலி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், இரவானாலும் கீழே இறக்கிவிட வேண்டும். பயணச்சீட்டை இந்த வரிசைப்படியே பதிவு செய்யச் சொல்லியிருக்கிறோம்.