எண்ணூர் மாமாவும் ஈஸ்ட்ஹாம் பாய்லரும்

எங்கள் பக்கத்தில் பாய்லர் என்றால் எண்ணூர் அனல்மின் நிலையத்தில் இருந்ததுதான். 2017-இல் அதை மூடிவிட்டார்கள். என் மாமா அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லண்டனுக்குக் குடிபோனபோது சமையலறை அலமாரிக்குள் ஒரு பாய்லர் தொங்குவதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. காம்பி பாய்லர் என்பார்கள். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கும் வெந்நீர்க் குழாய்க்கும் ஒரே பெட்டி. வெந்நீரைச் சேர்த்துவைக்கத் தொட்டி கிடையாது. வெந்நீர் வேண்டுமென்றால், குழாயைத் திறந்தபிறகுதான் அதற்காகப் பர்னர் பற்றும்.

பொங்கலுக்கு நான் மட்டும் திருவொற்றியூர் வந்திருந்தேன். லண்டன் ஈஸ்ட்ஹாமிலிருந்து மனைவி வீடியோ காலில் வந்தாள். வெந்நீர் வரவில்லை. வாடகை வீட்டு ஏஜென்டைக் கேட்டால், பாய்லர் பழசு, மாற்ற வேண்டியிருக்கும் என்கிறாராம். ஜனவரிக் குளிரில் கைக்குழந்தையோடு இருப்பவளிடம் பேசுகிற பேச்சா அது!

மாமா போனை வாங்கினார். "எது ஓடலன்றத அப்பால பாக்கலாம் கண்ணு. எதெல்லாம் ஓடுது, அத்தச் சொல்லு."

ரேடியேட்டர் சுடுகிறது. அப்படியானால் கேஸ், ஃபேன், பற்றவைக்கும் பொறி, பம்ப் எல்லாம் சரி. குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது? வாளியை வைத்துப் பார்க்கச் சொன்னார். நன்றாகவே கொட்டியது. இந்த வகை பாய்லர் விழித்துக்கொள்ள நிமிடத்துக்கு 2, 3 லிட்டர் ஓடினாலே பொதுவாகப் போதும். அடுத்த கேள்விதான் முக்கியம்: ஹீட்டிங்கை அணைத்துவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்தால் பாய்லர் சத்தம் போடுகிறதா? சத்தமே இல்லை. சூட்டைக் குழாய்ப் பக்கம் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு மாட்டிக்கொண்டிருந்தால், பர்னர் பற்றும், ஆனால் சூடு ரேடியேட்டருக்குப் போய்விடும். இங்கே பர்னரே பற்றவில்லை. குழாய் திறந்த சேதி பாய்லருக்குப் போகவில்லை.

"ஃப்ளோ ஸ்விட்ச்சுதான்" என்றார் மாமா.

தண்ணீர் ஓடினால் உள்ளே காந்தம் வைத்த ஒரு மிதவை நகரும். காந்தம் கிட்டே வந்ததும் வெளியே இருக்கும் ரீட் ஸ்விட்ச் மூடிக்கொண்டு மின்சாரத்தைக் கடக்க விடும். அந்தச் சேதியில்தான் பர்னர் பற்றும். லண்டன் தண்ணீர் நம் போர் தண்ணீர் மாதிரி உப்புப் படியும், அதனால் மிதவை சிக்கிக்கொள்வதும் உண்டு.

ஆனால் மூடியைத் திறக்க மாமா விடவில்லை. அந்த ஊரில் கேஸ் வேலைக்கான 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவர்தான் பாய்லரில் கைவைக்கலாம். வந்தவரிடம் மனைவி இத்தனையும் ஒப்பித்தாள். அவர் ஸ்விட்ச்சில் மீட்டரை வைத்துக் குழாயைத் திறந்தார். ஸ்விட்ச் மூடினால் மீட்டர் பீப் அடிக்கவேண்டும், பீப் இல்லை. ஸ்விட்ச்சைக் கழற்றி, அதனருகே ஒரு காந்தத்தைக் கொண்டுபோனார், அப்போதும் இல்லை. ஆக மிதவை மேல் குற்றமில்லை, ரீட் ஸ்விட்ச்தான் செத்திருந்தது. புதிதை மாட்டி, தண்ணீர் நுழையும் இடத்து வடிகட்டியையும் கழுவிவிட்டுப் போனார்.

செலவு வீட்டுக்காரருடையது. வாடகை வீட்டில் வெந்நீரும் ஹீட்டிங்கும் வேலை செய்யும்படி வைத்திருப்பது 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் பொறுப்பு. புதிதாகக் குடிபோகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏஜென்ட் தானாகச் சொல்லமாட்டார். மாமாவுக்கு ஒரே வருத்தம்: பழைய ஸ்விட்ச்சைக் கேட்டு வாங்கிவைக்கச் சொல்லியிருந்தார், அதற்குள் அந்த ஆள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.