ஜாடிக் கைப்பிடியில் ஓர் ஊர்ப்பெயர்

மார்ச் 3, ஞாயிறு

இன்று பிரசங்கம் பைபிளில் யோசுவா புத்தகம் 9-ஆம் அதிகாரம். பக்கத்து ஊர்க்காரர்களான கிபியோனியர் பழைய செருப்பு, கிழிந்து தைத்த திராட்சரசத் துருத்தி (தோல்பை), பூசணம் பிடித்த அப்பம் எல்லாம் எடுத்துக்கொண்டு, ஏதோ தூர தேசத்திலிருந்து வருவதுபோல நடித்து, யோசுவா தலைமையில் வந்த இஸ்ரவேலரிடம் உடன்படிக்கை வாங்கிவிடுகிறார்கள். குட்டு உடைந்ததும் தண்டனை: விறகு வெட்டணும், தண்ணீர் எடுக்கணும். ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்தே நான் இவர்கள் கட்சி. இப்படி ஓர் ஊர் நிஜமாகவே இருந்ததா என்று இத்தனை வருஷம் தேடிப் பார்க்கவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

இருந்திருக்கிறது. எருசலேமுக்கு வடமேற்கே பத்து கிலோமீட்டருக்குள், மேற்குக்கரையில் அல்-ஜீப் என்ற கிராமம். பெயர் ஒலியை வைத்து அமெரிக்க பைபிள் அறிஞர் எட்வர்ட் ராபின்சன் 1838-இலேயே இதுதான் கிபியோன் என்றார், எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. 1956-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் ஜேம்ஸ் பிரிச்சர்ட் தோண்ட ஆரம்பித்தார். பழைய எபிரெய எழுத்தில் 'கிபியோன்' என்று கீறிய ஜாடிக் கைப்பிடிகள் கிடைத்தன, ஒன்றிரண்டு அல்ல, 31.

எனக்கு ஒரு சந்தேகம். ஊர்ப்பெயர் எழுதிய ஜாடி வெளியூருக்குப் போகத்தானே செய்யும், அப்படியானால் அது கிடைத்த இடத்தை எப்படி நம்புவது? ஆனால் ஒரே இடத்தில் இத்தனை, கூடவே ஜாடிக்கான மூடிகளும் ஊற்றுகிற புனலும். அனுப்பிய ஊர் இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம், எனக்குப் போதும்.

மார்ச் 9, சனி

அந்தக் கைப்பிடிகள் கிடந்தது ஒரு குளத்தை நிரப்பியிருந்த மண்ணில். குளம் என்றால் நம் ஊர்க் குளம் மாதிரி நினைக்க வேண்டாம், பாறையை வட்டமாகக் குடைந்த கிணறு, 11 மீட்டருக்குக் கொஞ்சம் கூடவே அகலம், ஆழமும் ஏறக்குறைய அவ்வளவே. சுவரை ஒட்டிச் சுற்றிச்சுற்றி இறங்கும் படிகள் குளத்தின் அடியில் நிற்காமல் பாறைக்குள் சுரங்கமாகப் போய்த் தண்ணீரைத் தொடுகின்றன. மொத்தம் 79 படி. போதாததற்கு, மதிலுக்கு உள்ளிருந்தே வெளியே உள்ள ஊற்றுக்குப் போக 93 படியுடன் இன்னொரு சுரங்கம்! முற்றுகையின்போதும் மதிலைத் தாண்டாமல் தண்ணீர் எடுக்கலாம். குடத்தோடு 79 படி ஏறுவதை நினைத்தாலே மூட்டு வலிக்கிறது. தண்ணீர் எடுக்கிறவர்கள் என்ற பட்டம் சும்மா வரவில்லை போல.

பைபிளில் சவுல் வீட்டுத் தளபதி அப்னேரின் ஆட்கள் 12 பேரும் தாவீதின் தளபதி யோவாபின் ஆட்கள் 12 பேரும் ஒருவரையொருவர் குத்திச் செத்த கிபியோன் குளம் இதுதான் என்பது பிரிச்சர்டின் எண்ணம். இருக்கலாம், ஆனால் குளத்தில் பெயர்ப்பலகை இல்லையே.

மார்ச் 12, செவ்வாய்

ஓர் ஏமாற்றம். யோசுவா காலம் என்று பொதுவாகச் சொல்லப்படும் பிந்தைய வெண்கலக் காலத்தில் (சுமார் கி.மு. 1550–1200) இங்கே சில கல்லறைகள் தவிர ஊர் என்று சொல்லும்படி எதையும் பிரிச்சர்ட் பார்க்கவில்லை. போதகரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன், இப்போதைக்கு வேண்டாம்.

மார்ச் 14, வியாழன்

அப்புறம் திராட்சரசம். பாறையில் 63 குழிகள், குறுகிய வாய், உள்ளே சுமார் 2 மீட்டர் ஆழம், பெருமணி போன்ற வடிவம். ரச ஜாடிகளைக் குளிர்ச்சியாக வைக்கத்தான் என்கிறார் பிரிச்சர்ட். காலம் கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டு. கிழிந்த துருத்தியைக் காட்டி ஏமாற்றிய ஊர் பிற்காலத்தில் ரசத்தை ஜாடியில் அடைத்துப் பெயர் போட்டு அனுப்பியிருக்கிறது. சில கைப்பிடிகளில் ஊர்ப்பெயரோடு ஆள் பெயரும் உண்டு: அனனியா, அசரியா, அமரியா. தோட்டக்காரர்களாக இருக்கலாம். இராத்திரி மூன்று பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.