எங்கட பாட்டன்

கோணேசர் கோயிலால் வரும்போது ஒரு குரங்கு மகளின் கையிலிருந்த சொப்பிங் பேக்கைப் பறித்துக்கொண்டு மதிலில் ஏறிவிட்டது.

தேங்காய்ப் பாதியைத் தள்ளிவிட்டு வாழைப்பழத்தை மட்டும் எடுத்தது. தோலை உரித்து, ஒட்டியிருந்த நாரையும் பொறுமையாக வழித்தது. அந்தச் சின்ன விரல்கள், நகங்கள்... அப்படியே எங்கள் கைதான்.

"பார் பிள்ளை, எங்கட பாட்டன்" என்றார் அப்பா.

உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள் விடுவாளா? "பாட்டன் இல்லை அப்பப்பா, தூரத்துச் சொந்தம். கிட்டத்தட்ட 2.5 கோடி வருசத்துக்கு முந்தி ரெண்டு பேருக்கும் ஒரே மூதாதை."

அப்பா அசரவில்லை. "டார்வின் 1859இல எழுதினதை மாணிக்கவாசகர் எப்பவோ பாடிப்போட்டார். புல்லாகிப் பூடாய்..."

நான் சும்மா இருந்திருக்கலாம். சிவபுராணத்தில் பாம்புக்குப் பிறகு கல் வருகிறது, மனிதருக்குப் பிறகு பேய். அது படிப்படியாக ஏறும் ஏணி இல்லை என்றேன். அங்கே ஓர் உயிர் உடம்பு மாற்றி மாற்றி அலைகிறது. டார்வினிடம் அலைகிற உயிரே இல்லை, தலைமுறை தலைமுறையாக இனம்தான் மாறுகிறது. ரெண்டையும் ஒன்றாக்கினால் ரெண்டுக்கும் மரியாதை இல்லை.

"சரி, எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்தேன் எண்டு அழுறாரே. அந்தக் களைப்பு உங்கட புத்தகத்தில எந்தப் பக்கம்?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் குரங்கைப் பார்த்தேன்.

அது இரண்டாவது பழத்தை உரித்துக்கொண்டிருந்தது.